வீதியோரப் போராட்டத்தைப் பற்றி எழுதுமுன்

இலங்கையின் வடக்கில், கண்டி–யாழ்ப்பாணம் ஏ9 வீதியால் போகும் பஸ் யன்னலால் பார்த்துவிட்டு "குழப்பக்காரர்" என்று எழுதாதீர்கள். இறங்கிப்போய்ப் பதாகையை முழுதாக வாசியுங்கள். கோரிக்கை என்ன, யாரிடம், எப்போதிருந்து? கடைசிக் கேள்விதான் பெரும்பாலும் விடுபடுகிறது. முல்லைத்தீவின் கேப்பாப்பிலவு மக்கள் படையினர் வசமிருந்த தங்கள் காணியைக் கேட்டு 2017 ஜனவரி 31 இல் வீதியில் இருக்கத் தொடங்கினார்கள். கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் அதே வருடம் பெப்ரவரி 20 இல் தொடங்கினார்கள். அந்தத் திகதியை முதல் பந்தியிலேயே போடுங்கள். இல்லாவிட்டால் வருடக்கணக்கான காத்திருப்பு வாசகருக்குத் திடீர்க் கோபமாகத் தெரியும்.

பிறகு நடத்தையைப் பிரித்தெழுதுங்கள். ஒப்பாரி வைப்பதும் மண் அள்ளித் தூற்றுவதும் சாபமிடுவதும் வன்முறை அல்ல; எங்கள் ஊரில் அவை முறையீடு. வீதி மறிப்பு வேறு, கல்லெறி வேறு. கல் விழுந்தால் எறிந்தது ஒருவரா பலரா, தடுத்தவர் உண்டா என்று கேளுங்கள். தள்ளுமுள்ளு வீடியோ பெரும்பாலும் நடுவில்தான் தொடங்கும். அதற்கு முந்தைய ஐந்து நிமிடத்தை இரண்டு பக்கத்திலும் விசாரியுங்கள்.

அனுமதி பற்றிய பேச்சும் வரும். ஊர்வலத்துக்கு 6 மணித்தியாலம் முன்னர் பொலிஸுக்கு அறிவிக்க வேண்டும். அமைதியாக ஒன்றுகூடும் உரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது.

"அம்மா, ஆர் உங்களை அனுப்பினது?" என்று தொடங்கினால் பேட்டி அதோடு முடிந்தது. "ஆரைத் தேடுறியள்?" என்று கேளுங்கள். படம் எடுக்குமுன் சம்மதமும் கேளுங்கள்.