எத்தனை வார்ப்பது? இராணுவ வண்டி மாதிரிகளின் பிரதி எண்ணிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நீலகிரியின் வெலிங்டன் இராணுவ முகாமுக்கு வந்து போகும் குடும்பங்களையும், அவர்கள் வழியாக அறிமுகமான சேகரிப்பாளர்களையும் நம்பிக் குன்னூரில் ஒரு சிறு பட்டறையில் 1/35 அளவிலான டாங்கிகளையும் ஜீப்புகளையும், சிலிக்கான் அச்சில் ஊற்றினால் இறுகும் செயற்கைப் பிசினான ரெசினில் வார்த்துவருகிறேன். இத்தொழிலில் புதிதாக இறங்குவோர் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: ஒரு மாதிரியை எத்தனை பிரதிகள் செய்யலாம்? என் பட்டறைக்கு அது ஏறக்குறைய ஐம்பதிலிருந்து எழுபது வரை என்று சொல்லிவிடலாம். ஆனால் அந்த எண்ணை அப்படியே எடுத்துச் செல்பவருக்கு அதனால் பயன் இராது. எந்தத் தவறுகளைச் செய்து, எவ்வளவு பணத்தை அலமாரியில் பூட்டி வைத்து அந்த எண்ணுக்கு வந்து சேர்ந்தேன் என்பதே அவருக்குப் பயன்படும்.

எல்லாத் தவறுகளுக்கும் தாய் போன்றது, மூல மாதிரியின், அதாவது அச்சு எடுப்பதற்காகச் செய்யும் முதல் உருவின், செலவை அதிகப் பிரதிகளின் மேல் பரப்பினால் லாபம் கூடும் என்று நம்புவது. ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். மூல மாதிரியை உருவாக்க 45,000 ரூபாய் ஆகிறது. ரெசின், வண்ணம், அடையாள ஒட்டுப்படம், பெட்டி, கூலி எல்லாம் சேர்ந்து பிரதி ஒன்றுக்கு 1,400 ரூபாயும், சிலிக்கான் அச்சின் தேய்மானமாக 120 ரூபாயும் ஆகின்றன. விலை 3,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அறுபது பிரதிகள் செய்தால் ஒன்றின் அடக்கம் 2,270 ரூபாய். நூற்றைம்பது செய்தால் அதுவே 1,820 ரூபாயாக இறங்கிவிடும். இந்த 450 ரூபாய் இறக்கத்தைப் பார்த்ததும் கை தானாக நூற்றைம்பதை எழுதிவிடுகிறது. ஆனால் வாங்குவோர் அறுபது பேர்தான் என்றால் என்ன நடக்கும்? அறுபதைச் செய்து அறுபதையும் விற்றவர் 55,800 ரூபாய் லாபத்தோடு நிற்பார். நூற்றைம்பதைச் செய்து அறுபதை விற்றவர், அடக்கம் குறைந்தது என்ற திருப்தியோடு, 81,000 ரூபாய் பற்றாக்குறையில் நிற்பார். இதே கணக்கில், விற்பதை மட்டுமே வார்த்தால், போட்ட முதலை மீட்க விற்க வேண்டியவை வெறும் 27 பிரதிகள்தாம். ஆகவே முதலில் காண வேண்டிய எண் இந்த இருபத்தேழு. அதற்கு மேல் எவ்வளவு தூரம் துணிவது என்பதை அடக்கவிலை முடிவு செய்யக்கூடாது, வாங்குவோரின் தலைகளை எண்ணித்தான் முடிவு செய்ய வேண்டும்.

தலைகளை எண்ணுவதிலும் ஒரு வழுக்கல் உண்டு. படத்தைப் பார்த்து “அருமை, எனக்கும் ஒன்று எடுத்து வையுங்கள்” என்று சொன்னவர்கள் எல்லாரையும் நான் ஒரு காலத்தில் வாடிக்கையாளர்களாக எண்ணினேன். ஜபல்பூர் தொழிற்சாலையில் உருவான ஜோங்கா என்ற இராணுவ ஜீப்பின் மாதிரியைச் செய்யப்போவதாகச் சொன்னபோது, இராணுவ ஏலத்தில் எடுத்த அந்த வண்டியை மலைப்பாதையில் ஓட்டிப் பழகியவர்கள் முதல், அதில் பின்னால் உட்கார்ந்து பள்ளிக்குப் போனவர்கள் வரை, எல்லாரும் உருகினார்கள். முன்பணம் கேட்டபோது அந்த உருக்கத்தில் பாதிகூட மிஞ்சவில்லை. அன்றிலிருந்து மூன்றில் ஒரு பங்கு முன்பணம் கொடுத்தவரை மட்டுமே முழுத் தலையாக எண்ணுகிறேன். முன்பு இரண்டு மாதிரிகளேனும் வாங்கியவர் வாய்மொழியாகக் கேட்டால் அவரை அரைத் தலையாகக் கொள்கிறேன். மற்றவர்களின் பாராட்டை நன்றியோடு ஏற்றுக்கொண்டு கணக்கில் சேர்ப்பதில்லை.

மொத்தமாகக் கேட்பவர்களிடம் இன்னும் கவனம் தேவை. விடைபெறும் அதிகாரிகளுக்கு நினைவுப்பரிசாகக் கொடுக்க முப்பது வேண்டும் என்று இராணுவ அதிகாரிகளின் மெஸ் ஒன்றிலிருந்து கேட்டால் மனம் குளிர்ந்துதான் போகும். ஆனால் இராணுவத்தில் இடமாற்றம் என்பது மழையைப் போல வந்துகொண்டே இருப்பது. எனக்கு ஒருமுறை ஆர்டர் கொடுத்தவர் பொருள் தயாராவதற்குள் வடக்கே போய்விட்டார், அவர் இடத்துக்கு வந்தவருக்கு வெள்ளித்தட்டு போதுமானதாக இருந்தது. தவறு அவர்களுடையது அன்று, எழுத்தில் வாங்காத என்னுடையது. மொத்த ஆர்டரைத் தனிப் பட்டியலில் வைத்து, பாதிப் பணம் கைக்கு வந்த பிறகே அதற்கு ரெசின் கலக்க வேண்டும்; சேகரிப்பாளர்களுக்கான எண்ணிக்கையை அதன் பலத்தில் உயர்த்தக்கூடாது.

அடுத்த தவறு, வேறொரு செய்முறைக்குரிய எண்ணை இரவல் வாங்குவது. 1/35 என்ற அளவையே பரவலாக்கிய தாமியா போன்ற நிறுவனங்கள் உருக்கு அச்சில் பிளாஸ்டிக்கை அழுத்தி வார்க்கின்றன. அந்த அச்சுக்கு ஆகும் முதலீடு மிகப் பெரிது, அது தரும் வார்ப்புகளோ ஆயிரக்கணக்கில். எனவே அங்கே ஆயிரங்களில் யோசிப்பது நியாயம். வெள்ளீயக் கலவையான வெள்ளை உலோகத்தைச் சுழற்றி வார்க்கும் கடினப்படுத்திய ரப்பர் அச்சு சில நூறுகளைத் தாங்கும். நம்முடைய சிலிக்கான் அச்சோ, உருவத்தின் நுணுக்கத்தைப் பொறுத்து, இருபது முப்பது வார்ப்புகளுக்குள் களைத்துப்போகும். ரெசின் இறுகும்போது எழும் வெப்பமும் அதன் வேதிக்குணமும் சிலிக்கானை மெல்ல விறைக்கச் செய்ய, குறுகிய உட்குழிவுகள் உள்ள இடங்களில் கிழிசல் விழத் தொடங்கும். முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் ரெசினை அடுக்கடுக்காக இறுக்கிச் செய்பவருக்கு அச்சே கிடையாது. முதல் பிரதிக்கும் ஐம்பதாவது பிரதிக்கும் ஒரே செலவுதான் என்பதால், அவர் பத்துப் பத்தாகச் செய்யலாம். முன்கூட்டியே நூறைச் செய்து அடுக்கி வைப்பதற்கு அவருக்கு எந்தக் காரணமும் இல்லை. இருந்தும் பலர் அதைத்தான் செய்கிறார்கள், ஏனென்று எனக்கு இதுவரை விளங்கவில்லை.

அச்சின் ஆயுளை வண்டியின் எண்ணிக்கையால் அளப்பது கணக்குத் தெரிந்தவர்களும் சறுக்கும் இடம். ஆவடியில் உருவான விஜயந்தா டாங்கிக்குப் பக்கத்துக்கு ஆறு சாலைச் சக்கரங்கள். ஒவ்வொன்றும் இரட்டைச் சக்கரம்; அந்த இணையை ஒரே துண்டாக வார்த்தாலும் ஒரு மாதிரிக்குப் பன்னிரண்டு துண்டுகள் வேண்டும். அறுபது மாதிரிகளுக்கு உடற்பகுதியை அறுபது முறை ஊற்றினால் போதும், சக்கரங்களோ 720. ஓர் அச்சில் ஆறு சக்கரங்கள்தாம் என்றால் 120 முறை ஊற்ற வேண்டும். அச்சு ஒன்று 25 வார்ப்புகளைத் தாங்குமானால், உடற்பகுதிக்கு மூன்று அச்சுகள் போதுமானபோது சக்கரத்துக்கு ஐந்து அச்சுகள் தேவைப்படும். பக்கத்துக்கு ஏழு சக்கரங்கள் கொண்ட அர்ஜுனில் இது இன்னும் கூடும். இதைக் கவனிக்காமல் தொடங்கியவர் நாற்பதாவது டாங்கியில் சக்கர அச்சு கிழிந்ததும், மூல மாதிரியைத் தேடாமல், கைக்கு அகப்பட்ட வார்ப்பிலிருந்தே புதிய அச்சை எடுப்பார். வார்ப்பு சிறிது சுருங்கியிருக்கும். அதிலிருந்து எடுத்த வார்ப்பு மேலும் சுருங்கும். கடைசி இருபது பேர் தங்கள் டாங்கியின் சக்கரம் பொருந்தவில்லை என்று எழுதுவார்கள். மூல மாதிரிதான் பட்டறையின் விதைநெல், அதிலிருந்து மட்டுமே அச்சு எடுக்க வேண்டும்.

வீணாவதற்கும் எண்ணில் இடம் விட வேண்டும். பாலியூரித்தேன் ரெசினின் ஒரு பாகமான ஐசோசயனேட்டு ஈரப்பதத்தோடு வினைபுரிந்து கார்பன் டை ஆக்சைடை வெளியிடும். அந்த வாயுதான் வார்ப்பில் நுரையாகவும் ஊசித்துளைகளாகவும் தங்குகிறது. வடகிழக்குப் பருவமழையில் குன்னூரும் கோத்தகிரியும் மேகத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கும் நாட்களில், காலையில் திறந்த டப்பா மாலைக்குள் கெட்டுவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். மார்கழிக் குளிரில் சிலிக்கான் இறுகவும் வழக்கத்தைவிட நெடுநேரம் எடுக்கும். சமவெளியில் இருப்பவர் பத்தில் ஒன்று வீணாகும் என்று கொண்டு அறுபதுக்கு அறுபத்தேழு வார்த்தால், நான் அந்த மாதங்களில் எழுபத்தைந்துக்குத் திட்டமிடுவேன்; அதைவிட, மாசி முதல் சித்திரை வரையிலான உலர்ந்த வாரங்களில் வார்ப்பை முடித்துவிட்டு, மழைக்காலத்தைப் பொருத்துவதற்கும் வண்ணம் பூசுவதற்கும் ஒதுக்குவேன். அந்த உலர்ந்த வாரங்களில் தனி ஆளாக என்னால் எத்தனை வார்க்க முடியுமோ அதுவே உண்மையான உச்சவரம்பு. பாதியை இந்த ஆண்டும் பாதியை மூன்று ஆண்டுகள் கழித்தும் வார்க்கலாம் என்று அச்சைப் பத்திரப்படுத்துவோர், வெள்ளீய வினையூக்கியால் இறுகும் மலிவான சிலிக்கான் அச்சு, வெறுமனே வைத்திருந்தாலும், காலப்போக்கில் பொடியத் தொடங்கும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

பெட்டியும் ஒட்டுப்படமும் எண்ணிக்கையை ஆள விடுவது அற்பமாகத் தோன்றும், ஆனால் நான் அதில்தான் அதிகம் இழந்தேன். சமவெளியில் ஓர் அச்சகம் ஐந்நூறு பெட்டிகளுக்குக் குறைந்து அச்சிட மறுத்தது. பெட்டி வீணாகக் கூடாதே என்று மாதிரிகளின் எண்ணிக்கையை இருநூறாக உயர்த்தினேன். பத்து ரூபாய் அட்டையைக் காப்பாற்ற ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்ப் பொருளை வார்த்த புத்திசாலித்தனத்தை இன்றும் பட்டறையின் பரணில் காணலாம். எழுத்தில்லாத பெட்டியை எல்லா மாதிரிகளுக்கும் பொதுவாக வைத்து, வண்டியின் பெயரைத் தனிச் சீட்டில் ஒட்டினால் இந்தச் சிக்கல் இல்லை. ஒட்டுப்படத் தாள்களை மட்டும் கூடுதலாக அடித்து வைக்கலாமே என்றால், அவை வெளிச்சத்தில் மஞ்சளாகும், ஈரத்தில் பசை கெடும். ஆகவே அதிலும் ஒரு மடங்குக்கு மேல் ஆசைப்பட வேண்டாம்.

அழகுக்காக எண்ணைத் தேர்ந்தெடுப்பது மற்றொன்று. போரின் நினைவாக 1971 பிரதிகள், மதராஸ் ரெஜிமெண்ட் உருவான ஆண்டின் பெயரால் 1758 பிரதிகள் என்றெல்லாம் யோசனை வரும். அறிவிப்பில் கம்பீரமாக இருக்கும், கிடங்கில் இராது. அர்ஜுன் டாங்கியையே இராணுவம் முதலில் கேட்டது 124 தான். 2021இல் மார்க் 1ஏ வகைக்குக் கொடுத்த ஆர்டர் 118. உண்மையான டாங்கியைவிட மாதிரி அதிகமாக உலவுவதில் குற்றமில்லை என்றாலும், ‘அரியது’ என்று அதன் பெட்டியில் எழுதும்போது கை கொஞ்சம் கூச வேண்டும்.

எண்ணை அடியில் பொறித்துவிட்டால் அது வாக்குறுதி. 60இல் 14 என்று பொறித்து விற்ற பிறகு, தேவை கூடியது என்று அதே வண்டியை மறுபடி வார்ப்பது முதல் அறுபது பேரையும் ஏமாற்றுவதாகும், அவர்கள் இரண்டாம் முறை வரமாட்டார்கள். அதே சமயம், எது வரையறுக்கப்பட்டது என்பதைத் தொடக்கத்திலேயே தெளிவாக எழுதினால் அச்சு வீணாகாது. செஞ்சூரியன் டாங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1971 டிசம்பர் 16 அன்று பசந்தர் களத்தில் பரம்வீர் சக்கரம் பெற்ற அருண் கேதர்பால் இறுதிவரை போரிட்ட ‘ஃபமகுஸ்தா’ என்ற டாங்கியின் அடையாளங்களோடு அறுபது பிரதிகள் என்று எழுதினால், அதே வார்ப்பில் 1965 போரின் செஞ்சூரியனைப் பின்னர் வேறு அடையாளத்தோடு செய்ய வழி திறந்திருக்கும், வெறுமனே ‘செஞ்சூரியன், அறுபது மட்டும்’ என்று எழுதினால் கதவு மூடிவிடும். வண்ணத்தை மட்டும் ஒரு நிழல் மாற்றிப் புதிய பதிப்பு என்பவர்களைச் சேகரிப்பாளர்கள் எளிதில் கண்டுகொள்வார்கள்.

பயந்துபோய் மிகக் குறைவாகச் செய்வதும் தவறே, அதன் வலி வேறு விதமானது. இருபதோடு நிறுத்தினால் ஆண்டுக்கணக்கில் உங்களிடம் வாங்கியவர்களுக்கே கிடைக்காமல் போகும். இடையில் புகுந்து நான்கை வாங்கியவர் இரு மடங்கு விலைக்கு விற்பார். வருத்தமெல்லாம் உங்கள் பெயரில் வந்து விழும். நிலையான வாடிக்கையாளர்களின் எண்ணிக்கைக்குக் கீழே போகாமலிருப்பதும், முதல் இரண்டு வாரங்களுக்கு ஆளுக்கு ஒன்று என்று வைப்பதும் இதற்குப் போதும்.

விற்பனைக்கான எண்ணுக்கு வெளியே எண்ணிடாத உதிரிகளை ஒதுக்காமல் விடுவதைக் கடைசியாகச் சொல்ல வேண்டும். அறுபது விற்பவர் ஐந்து வண்டிகளுக்கான துண்டுகளை, பொருத்தாமலும் வண்ணம் பூசாமலும், தனி டப்பாவில் வைத்திருக்க வேண்டும். ரெசினில் வார்த்த பீரங்கிக் குழல் வெயிலில் வளையும், அஞ்சலில் ஒடியும். நான் இப்போது அதைப் பித்தளையில் கடைந்து வாங்குகிறேன், அதையும் அறுபதுக்கு எழுபதாக. சென்ற மாதம் அருவங்காட்டிலிருந்து ஓர் ஓய்வுபெற்ற பெரியவர், பேரன் கையில் விழுந்து சக்கரம் உடைந்த விஜயந்தாவைத் துணியில் சுற்றி எடுத்துவந்தார். நான்கு ஆண்டுகளுக்கு முன் வார்த்த உதிரி டப்பாவில் இரண்டு சக்கரங்கள் மிச்சம் இருந்தன. அவருக்குத் தேவைப்பட்டது ஒன்று.