பனிக்காலத்து யன்னலில் ஓர்க்கிட்

என் முதல் ஓர்க்கிட்டை நான் தண்ணீர் ஊற்றியே கொன்றேன். யாழ்ப்பாணத்தில் செவ்வரத்தைக்கும் நந்தியாவட்டைக்கும் காலையும் மாலையும் கிணற்றுத் தண்ணீர் அள்ளி ஊற்றிப் பழகிய கை இது. ரொறன்ரோவில் ஜனவரி மாதம், வெளியே மைனஸ் 15. பாவம், செடி வாடிவிடுமே என்று நாள்தோறும் ஒரு செம்பு ஊற்றினேன். ஐந்தாம் வாரம் இலைகள் தளர்ந்து தொங்கின. தாகம் போலும் என்று இரண்டு செம்பாக்கினேன். கடைசியில் சாடியைக் கவிழ்த்துப் பார்த்தால், வேரெல்லாம் ஊறிய பழந்துணியாக இருந்தது. அழுகிய வேரால் தண்ணீர் உறிஞ்ச முடியாது; அதனால் நீரில் நின்றுகொண்டே செடி தாகத்தால் சாகும்.

அதற்குப் பிறகு ஒன்பது பனிக்காலங்கள் போய்விட்டன. ரொறன்ரோவின் கிழக்குப் பகுதியான ஸ்காபரோவில், பதினோராம் மாடியில், தெற்குப் பார்த்த யன்னலோரம் இப்போது ஆறு சாடிகள் இருக்கின்றன: ஐந்து ஃபலனொப்சிஸ், ஒரு டென்ட்ரோபியம். புதிதாகத் தொடங்குபவர்கள் ஃபலனொப்சிஸையே வாங்குங்கள். மளிகைக் கடை வாசலில் வண்ணத்துப்பூச்சிகள் வரிசையாகக் குந்தியிருப்பது போலப் பூத்து நிற்பது அதுதான். டென்ட்ரோபியம் எனக்கே இன்னும் பிடிகொடுக்கவில்லை.

பனிக்காலத்தில் வாங்கினால் கடையிலிருந்து கார் வரைக்குமான தூரம்தான் ஆபத்து. பூ முதல் சாடி வரை தாள் சுற்றி, அதற்கு மேல் ஒரு பையும் போட்டு, காரை முன்னதாகவே சூடாக்கி வைத்துவிட்டுத் தூக்குங்கள்.

இது மண்ணில் வளரும் செடி அல்ல. தென்கிழக்காசியக் காடுகளில் மரக்கிளையைப் பற்றிக்கொண்டு, மழையில் நனைந்து, காற்றில் காய்ந்து வாழும் தொற்றுத் தாவரம். பள்ளிக்கூடத்தில் படித்தது நினைவிருக்கும்: ஒட்டுண்ணி மரத்தின் சாற்றை உறிஞ்சும்; தொற்றுத் தாவரம் மரத்தைப் பிடித்து நிற்க மட்டும்தான். நம் ஊர்ப்பக்கக் காடுகளில் மரங்களில் தொங்கும் வண்டாவும் இந்தக் குடும்பம்தான். ஆகவே சாடிக்குள் மண் போடாதீர்கள். மரப்பட்டைத் துண்டுகள் போதும். சாடி ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக்காக இருந்தால் வேர் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் ஊற்றும் நாளை வேரைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும், நாட்காட்டியைப் பார்த்து அல்ல. ஈரமுள்ள வேர் பச்சையாக இருக்கும். காய்ந்ததும் வெள்ளி நிறத்துக்கு மாறும். வெள்ளியானதைக் கண்ட பிறகும் நான் ஒரு நாள் பொறுப்பேன். என் வீட்டில் அது ஏறத்தாழ பத்து நாட்களுக்கு ஒரு முறை வருகிறது. உங்கள் வீட்டில் ஏழாகவோ பன்னிரண்டாகவோ இருக்கலாம்.

அந்த நாளில் சாடியை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவைத்து, சொட்டுச் சொட்டாக முழுவதும் வடியவிடுங்கள். அலங்காரக் கோப்பைக்குள் தண்ணீர் தேங்கக் கூடாது. இலைகள் கூடும் நடுக்குருத்தில் ஒரு துளி நின்றாலும் தாளின் முனையால் ஒற்றி எடுத்துவிடுங்கள். குருத்து அழுகினால் செடி பெரும்பாலும் போய்விடும். தண்ணீருக்குப் பதிலாக வாரம் மூன்று பனிக்கட்டி வைக்கச் சொல்லும் அட்டைகள் சில செடிகளோடு வருகின்றன. அதனால் கேடில்லை என்று பரிசோதித்தவர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் வெப்பமண்டலத்தில் பிறந்த ஒன்றின் காலடியில் பனிக்கட்டி வைக்க எனக்கு மனம் வரவில்லை. பல்கனியில் விழுந்த பனியை உருக்கி ஒரு பனிக்காலம் முழுவதும் ஊற்றினேன். குழாயில் வரும் ஏரித் தண்ணீர் விடும் வெள்ளைப் படிவு அதில் இல்லை, செடிக்கும் பிடித்தது. வாளியைத் தூக்கிய என் முதுகுக்குத்தான் பிடிக்கவில்லை.

உரத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பொட்டலத்தில் சொல்லியிருப்பதில் கால் பங்கு, மாதம் ஒரு முறை.

வெளிச்சத்துக்கு வருவோம். டிசம்பர் கடைசியில் இங்கே பகல் ஒன்பது மணி நேரம்தான். கோடையில் இலையைச் சுட்டுவிடும் தெற்கு யன்னல் இப்போது வரப்பிரசாதம். திரைச்சீலையை முழுவதும் விலக்கிவிடலாம். இலை கரும்பச்சையாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை; இளம்பச்சைதான் சரியான நிறம். வடக்குப் பார்த்த வீடென்றால் எல்.ஈ.டி. விளக்கு ஒன்றை நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரியவிடுங்கள். இலை கண்ணாடியில் மட்டும் முட்டக் கூடாது. மைனஸ் 20 இரவில் கண்ணாடியைத் தொட்ட இலை மறுநாள் வெந்த கீரை போல ஆகியிருக்கும்.

குளிரைவிட எனக்குத் தலைவலி தருவது ஹீற்றர்தான். வீட்டுக் காற்றின் ஈரப்பதன் 25 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. ஓர்க்கிட் கேட்பது அதன் இரண்டு மடங்கு. கூழாங்கல் போட்டுத் தண்ணீர் ஊற்றிய தட்டை எல்லாரும் சொல்வார்கள். நானும் வைத்து, ஈரமானியால் அளந்து பார்த்தேன். முள் அசையவில்லை என்றே சொல்லலாம். உண்மையில் உதவியவை இரண்டு: சாடிகளை நெருக்கி வைத்தது, பக்கத்தில் ஒரு சிறிய ஈரப்பதமூட்டி வைத்தது. அதனால் என் தொண்டை வறட்சியும் குறைந்தது. ஹீற்றருக்கு நேர் மேலே மட்டும் ஒருநாளும் வைக்காதீர்கள். நல்ல ஈரக்காற்று எப்படி இருக்கும் என்று அறிய விரும்பினால், நகரின் நடுவிலுள்ள அலன் கார்டன்ஸ் கண்ணாடி மாளிகைக்கு ஜனவரியில் போய் நில்லுங்கள். 1910இல் திறந்த பனைமண்டபம் அது. அனுமதி இலவசம். உள்ளே காலெடுத்து வைத்ததுமே மூக்குக்கண்ணாடி மூடுபனியாகிவிடும். நான் வருடந்தோறும் போகிறேன், செடி பார்க்கப் பாதி, ஊர் மழைவாசத்துக்குப் பாதி.

பூக்க வைக்கும் வேலை இலையுதிர்காலத்திலேயே தொடங்குகிறது. ஒக்ரோபர் இரவுகளில் யன்னலைச் சிறிது திறந்து, மூன்று நான்கு வாரம் 16, 18 பாகை வரை குளிரவிட்டால் பூந்தண்டு கிளம்பும். கிளம்புவது வேரா தண்டா என்று குழம்பாதீர்கள். வேரின் நுனி உருண்டு மினுங்கும். தண்டின் நுனி கட்டைவிரல் மட்டும் பிரிந்த குழந்தைக் கையுறை போலிருக்கும். தண்டு வந்த பிறகு சாடியைத் திருப்பக் கூடாது. அது வெளிச்சத்தை நோக்கி வளைந்து வளரும்; திருப்பித் திருப்பி வைத்தால் பூக்கள் ஆளுக்கொரு திசை பார்க்கும்.

மூன்று வருடத்துக்கு முன்பு தைப்பொங்கலுக்கு முதல் நாள், ஒன்பது மொட்டோடு நின்ற வெள்ளைச் செடிக்குப் பக்கத்தில் பழுத்த வாழைப்பழச் சீப்பை வைத்துவிட்டேன். நான்காம் நாள் ஏழு மொட்டுகள் மஞ்சளாகி விழுந்தன. பழுக்கும் பழம் விடும் எதிலீன் வாயு மொட்டை உதிர்த்துவிடும். மகள் வந்து பார்த்துவிட்டு, “அம்மா, படையலை ஓர்க்கிட்டுக்கா வைத்தீர்கள்?” என்று கேட்டாள். மாம்பழம், அப்பிள், வாழைப்பழம் எல்லாவற்றையும் இப்போது குசினியில் கதவுக்கு அப்பால் வைக்கிறேன்.

வறண்ட காற்றில் மாவுப்பூச்சி வரும். இலைக்கணுவில் பஞ்சுத்துணுக்குப் போலத் தெரிந்தால், 70 சதவீத அல்ககோலில் தோய்த்த காதுக்குச்சியால் துடையுங்கள். வாரம் ஒரு முறை, மூன்று வாரம். முதல் வாரத்தோடு நிறுத்தினால் முட்டைகள் பொரித்துத் திரும்பவும் வரும்.

பூக்கள் இரண்டு மூன்று மாதம் நிற்கும். உதிர்ந்த பிறகு தண்டு பச்சையாக இருந்தால், கீழிருந்து இரண்டாம் கணுவுக்குச் சற்று மேலே வெட்டுங்கள், மறுபடி பூக்கலாம். செடி மெலிந்திருந்தால் அடியோடு வெட்டி அதற்கு ஓய்வு கொடுங்கள். சாடி மாற்றுவதும் அப்போதுதான், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை. மார்ச்சில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளும் ஞாயிறன்று, நான் மறக்காமல் மெல்லிய வெள்ளைத் திரையையும் யன்னலில் மாட்டிவிடுகிறேன். ஒரு வருடம் ஒரு வாரம் தாமதித்தேன். கரையோரச் செடியின் இலையில் அந்தச் சூட்டுத்தழும்பு இன்னும் இருக்கிறது.