கார்டு போடும் முன் அந்த ஹெடரைத் திறந்து பாருங்கள்

வெளியிலிருந்து எடுத்துப் பயன்படுத்தும் ஒரு சி நூலகத்தில் பாதி ஹெடர்களுக்கு இன்குளூட் கார்டு இல்லை. ஹெடர் என்பது மற்றக் கோப்புகள் இன்குளூட் வரியால் உள்ளே இழுத்துக்கொள்ளும் கோப்பு; அது ஒரே சி கோப்புக்குள் இரண்டாம் முறை வராமல் இஃப்என்டெஃப், டிஃபைன் வரிகளால் தடுப்பதுதான் கார்டு. சிங்கப்பூரில் எங்கள் ஊபி அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்த தம்பி ஒரு வெள்ளிக்கிழமை மாலை சின்ன ஸ்கிரிப்ட் எழுதி, எல்லாவற்றுக்கும் ஒரே ஓட்டத்தில் கார்டு போட்டுவிட்டார். பில்ட் முணுமுணுக்காமல் முடிந்தது. திங்கட்கிழமை பார்த்தால், லாக்கில் பிழையின் பெயர் வரவேண்டிய இடமெல்லாம் வெறும் ‘நல்’ (null, எதையும் சுட்டாத வெற்று மதிப்பு).

“அண்ணே, நான் லாஜிக்கைத் தொடவே இல்லையே” என்றார். உண்மைதான், தொடவில்லை.

அந்த நூலகத்தில் பிழைகளின் பட்டியல் தனி ஹெடரில் இருந்தது. ஒரே சி கோப்பு அதை இரண்டு முறை இன்குளூட் செய்யும். முதல் முறை எனம் (பெயர் வைத்த எண்களின் தொகுதி) உருவாக்க. பிறகு பட்டியலில் உள்ள அதே மேக்ரோவுக்கு (கம்பைலுக்கு முன் வேறு வரியாக விரியும் பெயர்) வேறு பொருள் கொடுத்து, பெயர்களின் அரேயை நிரப்ப. எக்ஸ் மேக்ரோ என்பார்கள். கார்டு வந்ததும் இரண்டாம் முறை ஹெடர் காலி. அரேயின் நீளத்தை ஏற்கெனவே எழுதியிருந்ததால், உள்ளே ஒன்றுமில்லாத அடைப்பை ஜிசிசி கம்பைலர் பேசாமல் ஏற்றுக்கொண்டு எல்லாப் பாயிண்டரையும் நல் ஆக்கிவிட்டது.

கார்டு இல்லையென்றால் எழுதியவர் மறந்துவிட்டார் என்று நினைப்பதுதான் முதல் தவறு. சி மொழியின் அசர்ட் ஹெடரையே பாருங்கள்: ஒவ்வொரு முறை இன்குளூட் செய்யும்போதும் என்டீபக் (அசர்ட் சோதனைகளை அணைக்கும் மேக்ரோ) இருக்கிறதா என்று புதிதாகப் பார்க்க வேண்டும் என்பது தரநிலையின் விதி. லினக்ஸ் கெர்னலின் டிரேஸ் ஹெடர்களில் கார்டு உண்டு, ஆனால் பலமுறை படிக்க வேண்டியபோது திறந்துவிட அதிலேயே ஒரு கதவும் வைத்திருக்கிறார்கள். ஹெடரின் கடைசியில் மேக்ரோவை அன்டெஃப் செய்யும் (அதன் வரையறையை நீக்கும்) வரி கிடந்தால், கையை எடுத்துவிடுங்கள்.

அடுத்தது கார்டின் பெயர். இங்கே டாக்சியில் ஏறி புளோக் எண்ணை மட்டும் சொன்னால் எங்கே போவார் ஓட்டுநர்? அதே எண் அங் மோ கியோவிலும் இருக்கும், பிடோக்கிலும் இருக்கும். யூடில்ஸ்_எச் என்ற பெயரும் அப்படித்தான். இரண்டு நூலகங்கள் அதையே வைத்திருந்தால், பின்னால் வரும் ஹெடர் சத்தமில்லாமல் மறைந்துபோகும். ஜிசிசி 14-க்கு முன், அறிவிக்காத ஃபங்ஷனைக் கூப்பிட்டால் வெறும் எச்சரிக்கைதான் வரும். திரும்பி வருவது இன்ட் என்று கம்பைலரே வைத்துக்கொள்ளும். 64-பிட் கணினியில் அந்த ஃபங்ஷன் பாயிண்டரைத் திருப்பித் தந்தால் பாதி வெட்டுப்பட்டு வரும். இந்த மாதிரிப் பிழையைத் துரத்தி ஒரு முழு நாளைத் தொலைத்திருக்கிறேன். எனவே திட்டத்தின் பெயர், ஃபோல்டர், கோப்பு மூன்றையும் சேர்த்தே வையுங்கள். பக்கத்துக் கோப்பிலிருந்து காப்பி எடுத்துப் பெயரை மாற்ற மறப்பதும் இதே வம்பில்தான் கொண்டுபோய் விடும்.

அடிக்கோடும் பெரிய எழுத்துமாகத் தொடங்கும் பெயர்கள் கம்பைலருக்கும் அதன் நூலகத்துக்கும் ஒதுக்கப்பட்டவை. பழைய புரோகிராம் கோடு (code) நிறைய இதை மீறுகிறது, அதற்காக நீங்களும் மீற வேண்டாம்.

இஃப்என்டெஃப் வரியில் ஒரு எழுத்தும் டிஃபைன் வரியில் இன்னொன்றும் தட்டிவிட்டால் கார்டு இருந்தும் இல்லாததுதான்; கிளாங் கம்பைலர் இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வைத்திருக்கிறது. கார்டுக்கு வெளியே கமென்ட் இருக்கலாம், கோடு கூடாது. கோடு இருந்தால், அதே ஹெடரை மறுபடி திறக்காமல் தாண்டிப்போகும் சலுகையை ஜிசிசி தராது. ஆக, உரிமக் கமென்ட் மேலேயே இருக்கட்டும், அதன் கீழே கார்டைத் தொடங்குங்கள்.

சரி, கம்பைல் ஆன கோப்புகளை இணைக்கும் லிங்கர் ‘இரண்டு முறை வரையறுக்கப்பட்டது’ என்று கத்தினால்? அதற்குக் கார்டு மருந்தல்ல. ஒரு சி கோப்புக்குள் இரண்டாம் முறை வராமல் தடுப்பது மட்டுமே அதன் வேலை. ஹெடரில் யாரோ வேரியபிளையே வைத்திருப்பார்கள். 2020-இல் வந்த ஜிசிசி 10 இயல்பு அமைப்பை மாற்றிய பிறகு இப்படி நிறைய வெளியே வந்தன. எக்ஸ்டர்ன் போட்டு, வரையறையை ஒரே ஒரு சி கோப்புக்கு நகர்த்துங்கள்.

அப்புறம், இது நம் வீட்டுக் கோடு இல்லை. கார்டு போடும் சாக்கில் இடைவெளியைத் திருத்துவது, டேபை மாற்றுவது எல்லாம் வேண்டாம். அடுத்த பதிப்பை இறக்கும்போது மெர்ஜில் அழவேண்டி வரும். கார்டுக்கு மட்டும் தனி கமிட் போட்டு, அதையே மூலத் திட்டத்துக்கும் பேட்சாக அனுப்பிவிடுங்கள். அவர்கள் பிராக்மா ஒன்ஸ் (கார்டின் வேலையை ஒரே வரியில் செய்வது) பயன்படுத்துபவர்கள் என்றால் நீங்களும் அதையே போடுங்கள், வாதாட வேண்டாம்.

சோதிப்பது எளிது: ஒரே ஹெடரை இரண்டு முறை இன்குளூட் செய்யும் இரண்டு வரிக் கோப்பை எழுதி கம்பைல் செய்யுங்கள். தம்பி இப்போது ஒவ்வொரு ஹெடருக்கும் அதைச் செய்கிறார். அந்தப் பிழைப்பட்டியல் ஹெடரில் மட்டும் கார்டை எடுத்துவிட்டு, முதல் வரியில் ஒரு கமென்ட் எழுதியிருக்கிறார்: ‘வேண்டுமென்றே கார்டு இல்லை.’