அருகில் காலியாக நிற்கும் ஆட்டோக்களை மட்டும் ஃபயர்பேஸிலிருந்து எடுப்பது எப்படி

ஆட்டோ அழைக்கும் செயலிகளுக்குப் பயன்படுத்தக்கூடிய கூகுளின் இணையத் தரவுத்தளமான ஃபயர்பேஸ் ரியல்டைம் டேட்டாபேஸில் ஒரு வினவலை (தரவைக் கேட்கும் கோரிக்கை) ஒரே ஒரு புலத்தை (பதிவில் உள்ள ஒரு விவரம்) வைத்துத்தான் வரிசைப்படுத்தி வடிகட்ட முடியும். ஆனால் இரண்டு கிலோமீட்டருக்குள் காலியாக நிற்கும் ஆட்டோக்களை மட்டும் கேட்பதற்கு அட்சரேகை, தீர்க்கரேகை, நிலை என மூன்று விவரங்கள் தேவைப்படுகின்றன. இரண்டாவது வடிகட்டியைத் தேடி அலைவதைவிட, இம்மூன்றையும் ஒரே எழுத்துச் சரத்துக்குள் அடக்கிவிடுவதே எளிய வழி.

இடத்தைச் சரமாக்குவதற்குக் கியோஹேஷ் உதவுகிறது. குஸ்தாவோ நீமேயர் 2008இல் வெளியிட்ட இம்முறை, உலகப் பரப்பைப் பெட்டிகளாகப் பிரித்துக்கொண்டே போய் ஒவ்வொன்றுக்கும் எழுத்துகளும் எண்களும் கலந்த பெயரைத் தருகிறது. பெயர் நீள நீளப் பெட்டி சிறுத்துவிடும். ஐந்து எழுத்துப் பெட்டி ஒன்றின் பக்கம் ஏறத்தாழ 4.9 கிலோமீட்டர். ஒவ்வொரு ஆட்டோவின் பதிவிலும் ஒன்பது எழுத்துக் கியோஹேஷுக்கு முன்னால் நிலையைக் குறிக்கும் எண்ணைச் சேர்த்து ஒரே புலமாக எழுதுங்கள்: காலி என்றால் 1, சவாரியில் என்றால் 2, வேலையில் இல்லை என்றால் 0. உண்மையான அட்சரேகை, தீர்க்கரேகையையும் தனியே வைத்திருங்கள், பின்னால் தேவைப்படும்.

பலர் சறுக்கும் இடம் பெட்டிகளின் எல்லை. முன்னொட்டு, அதாவது பெயரின் தொடக்க எழுத்துகள், ஒன்றாக இருந்தால் இடங்கள் அருகருகே இருக்கும் என்பது சரிதான். ஆனால் அருகருகே உள்ள இடங்களுக்கெல்லாம் முன்னொட்டு ஒன்றாக இருக்கும் என்பதில்லை. சென்னையில் 13.0078 பாகை அட்சரேகை அடையாறு, கிண்டிப் பகுதிகளின் ஊடாகச் செல்கிறது. அதற்கு வடக்கே கியோஹேஷ் 'டிஎஃப்34' என்றும், தெற்கே 'டிஎஃப்31' என்றும் தொடங்குகிறது. பயணி நிற்கும் பெட்டியை மட்டும் கேட்டால், கோட்டுக்கு அந்தப் பக்கம் நூறு அடியில் நிற்கும் ஆட்டோகூட வரைபடத்தில் தென்படாது.

ஆகவே பயணியைச் சுற்றி இரண்டு கிலோமீட்டருக்கு ஒரு சதுரம் வரைந்து (சென்னையில் நான்கு திசைகளிலும் சுமார் 0.018 பாகை), அதன் நான்கு மூலைகளின் ஐந்து எழுத்துக் கியோஹேஷ்களைக் கணக்கிட்டு, திரும்ப வருபவற்றை நீக்கிவிடுங்கள். சதுரத்தின் பக்கம் பெட்டியின் பக்கத்தைவிடச் சிறியது என்பதால் நான்கு பெட்டிகளுக்கு மேல் வராது. பிறகு ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு வினவல்: எந்தப் புலத்தால் வரிசைப்படுத்துவது என்று சொல்லும் ஆர்டர்பைசைல்டில் (orderByChild) அந்தப் புலத்தைக் கொடுத்து, வீச்சின் தொடக்கமான ஸ்டார்ட்அட்டில் (startAt) 1 என்ற எண்ணுடன் பெட்டியின் பெயரையும், முடிவான எண்ட்அட்டில் (endAt) அதே சரத்தின் கடைசியில் ஒரு டில்டே (~) குறியையும் சேர்த்துக் கொடுங்கள். கியோஹேஷில் வரும் எல்லா எழுத்துகளுக்கும் பின்னால் டில்டே வரிசைப்படுவதால், அந்தப் பெட்டி முழுவதும் இவ்வீச்சில் அடங்கிவிடும். வந்தவற்றைப் பயணியிடமிருந்து உள்ள நேர்த்தொலைவைக் கணக்கிட்டு ஒருமுறை சலித்துக்கொள்ளுங்கள். மூலைகளில் நிற்பவை கழிந்துபோகும்.

தரவுத்தளத்தின் பாதுகாப்பு விதிகளில் அந்தப் புலத்துக்கு இன்டெக்ஸ் (தேடலுக்கான அட்டவணை) எழுத மறக்காதீர்கள். இல்லாவிட்டால் ஆட்டோ பதிவுகள் இருக்கும் நோடு (தரவுக் கிளை) முழுவதையும் கைப்பேசிக்கு இறக்கிய பிறகே வடிகட்டல் நடக்கும். பத்து ஆட்டோக்களுடன் சோதிக்கும்போது இது யார் கண்ணிலும் படாது.

இந்த அமைப்பில் எனக்குப் பிடித்தது, சவாரி ஏற்றவுடன் 1 என்பது 2 ஆக மாறுவதால் ஆட்டோ அந்த வீச்சைவிட்டு விலகி, நீக்கப்பட்ட செய்தி தானாகவே பயணியின் செயலிக்கு வந்துவிடுவது. ஆனால் காலி ஆட்டோ ஒரு பெட்டியிலிருந்து அடுத்த பெட்டிக்கு நகரும்போதும் ஒரு வினவலில் நீக்கமும் இன்னொன்றில் சேர்ப்பும் வரும். எது முதலில் வரும் என்று நம்பியிருக்கக் கூடாது. எந்த வினவலில் எந்த ஆட்டோ இருக்கிறது என்று குறித்துவைத்து, எல்லாவற்றிலிருந்தும் போன பிறகே படத்திலிருந்து எடுங்கள்.

ஓட்டுநரின் இணைப்பு அறுந்தால் நிலையை 0 ஆக்கும்படி இணைப்பு போனால் செய்ய வேண்டியதைச் சர்வரிடம் சொல்லிவைக்கும் ஆன்டிஸ்கனெக்டில் (onDisconnect) முன்னதாகவே பதிந்துவையுங்கள். அது ஒருமுறைதான் செயல்படும் என்பதால், இணைப்பு திரும்பும் ஒவ்வொரு முறையும் மறுபடி பதிய வேண்டும்.