கிராலர் டயருக்குள் தண்ணீர்: ஊறிய ஃபோமை உலர்த்துவதும், மறுபடி ஊறாமல் பார்த்துக்கொள்வதும்

ரிமோட்டால் இயக்கிப் பாறைகளில் மெல்ல ஊர்ந்து ஏறவிடும் சிறு வண்டியான ஆர்.சி. கிராலரை ஓட்டுபவர்களுக்குக் கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்கள் வாய்ப்பான நிலம். கருங்கல் பாறைக்குப் பஞ்சமே இல்லை. கோடையில் தென்பெண்ணை சுருங்கும்போது, பாறை இடுக்குகளில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் தேங்கி நிற்கும். அதில் இறங்கி ஏறிய வண்டி வழக்கத்தைவிட மந்தமாகத் திரும்பினால், முன்பு சுலபமாக ஏறிய பாறையில் மோட்டார் திணறினால், மின்னணுப் பாகங்களைச் சந்தேகிப்பதற்கு முன்பு டயரை விரலால் அமுக்கிப் பாருங்கள். ‘சளக்’ என்று சத்தம் வந்தால் உள்ளே இருக்கும் ஃபோம் ஊறிவிட்டது என்று பொருள். உங்கள் வண்டியின் இஎஸ்சி (மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் கருவி), சர்வோ (சக்கரங்களைத் திருப்பும் சிறு மோட்டார்), ரிசீவர் (ரிமோட்டின் கட்டளையைப் பெறும் கருவி) ஆகியவை ஏற்கெனவே நீர் புகாதவை என்று எடுத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

இதைப் பலர் சிறு தொந்தரவாகவே நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படித் தோன்றாது. 1.9 அங்குல ரிம்மில் பொருந்தும், ஏறத்தாழ 11 செ.மீ. விட்டமும் 4 செ.மீ. அகலமும் கொண்ட ஒரு ஃபோம் வளையத்தின் கன அளவு 300 கன செ.மீ.யை ஒட்டி வரும். அதில் பாதி அளவு தண்ணீர் நின்றாலும் ஒரு சக்கரத்துக்கு 150 கிராம், நான்கு சக்கரங்களுக்கும் சேர்த்து 600 கிராம் கூடுகிறது. இரண்டரை, மூன்று கிலோ எடையுள்ள வண்டிக்கு இது பெரிய சுமை. அந்தச் சுமையும் சுழலும் பாகத்தில் ஏறுவதால் சர்வோவும் கியர்களும் அதை நேரடியாகத் தாங்குகின்றன. ஈரம் உள்ளேயே நின்றால் பூஞ்சை நாற்றம் வரும். ரிம் வளையத்தின் ஸ்க்ரூக்களும் துருப்பிடிக்கும்.

தண்ணீர் உள்ளே போகும் விதத்தைப் புரிந்துகொண்டால்தான் பின்வரும் வேலைகளுக்கு அர்த்தம் இருக்கும். கிராலர் டயரில் காற்றடிப்பதில்லை. ஃபோம்தான் அதைத் தாங்குகிறது. பாறையில் டயர் அமுங்கும்போது உள்ளிருக்கும் காற்று வெளியேற வேண்டும் என்பதற்காக ரிம்மில் சிறு துளை விட்டிருப்பார்கள். தண்ணீருக்குள் ஓடும்போது இதே ஏற்பாடு இங்க் ஃபில்லரைப் போல வேலை செய்கிறது: அமுங்கும்போது காற்று வெளியேறுகிறது, விடுபடும்போது துளை வழியாகத் தண்ணீர் உள்ளே இழுக்கப்படுகிறது. உள்ளே போன தண்ணீர் டயரின் தரைப்பக்கத்தில் தேங்குகிறது. துளையோ அச்சுக்கு அருகில், உயரத்தில் இருக்கிறது. ஆகவே உள்ளே வந்த வழியாக அது வெளியேற முடிவதில்லை. உலர்த்துவது அன்றைய நிவாரணம் மட்டுமே. துளையின் இடத்தை மாற்றுவதுதான் தீர்வு.

கழற்றுதல்

பீட்லாக் வகை ரிம் (டயரின் விளிம்பை, ஸ்க்ரூ போட்ட வளையத்தால் இறுக்கிப் பிடிப்பது) என்றால், 7 மி.மீ. நட் டிரைவரால் சக்கரத்தைக் கழற்றி, வளையத்தின் ஸ்க்ரூக்களை எதிரெதிராக, சிறிது சிறிதாகத் தளர்த்துங்கள். பெட்டியோடு வரும் எல் வடிவ அலன் கீயை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். அதன் முனை சீக்கிரம் மழுங்கி, ஸ்க்ரூவின் தலையையும் கெடுத்துவிடும். கைப்பிடியும் கடினப்படுத்திய முனையும் உள்ள ஒரு நல்ல ஹெக்ஸ் டிரைவர் வாங்கும் காசு, நான்கு சக்கரங்களைப் பிரித்து மாட்டும்போதே வசூலாகிவிடும். ஒட்டப்பட்ட டயர் என்றால் முதலில் பின்சேர்க்கையைப் படியுங்கள்.

அலசி உலர்த்துதல்

ஃபோமைப் பிழியும்போது துணியைப் போல முறுக்கினால் கிழிந்துவிடும். இரு உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து அமுக்க வேண்டும். ஆற்றுத் தண்ணீரோடு வந்த மணலும் அழுக்கும் போகும்வரை அலசுங்கள். கெலவரப்பள்ளி அணையிலிருந்து நுரை பொங்கி வரும் நாட்களில் தென்பெண்ணையில் ஓட்டியிருந்தால் சோப்புத் தண்ணீரில் அலசுவது நல்லது. அந்த நாட்களில் ஆற்றில் இறங்காமல் இருப்பது இன்னும் நல்லது. நம் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பெரும்பாலும் உப்புக் கூடியது. காய்ந்த பிறகு வெள்ளையாகப் படியும். கடைசி அலசலுக்கு மட்டும் குடிநீரையோ மழைநீரையோ பயன்படுத்துங்கள்.

வீட்டில் செமி ஆட்டோமேட்டிக் வாஷிங் மெஷின் இருந்தால், நான்கு ஃபோம்களையும் ஒரு பழைய துண்டோடு டிரையர் பக்கத்தில் பரவலாக வைத்து ஓடவிடுங்கள். கையால் எவ்வளவு அமுக்கினாலும் போகாத தண்ணீர் இதில் போய்விடும். பிறகு நிழலில், காற்றோட்டமான இடத்தில் கொடியில் தொங்கவிடலாம். வெயிலில் போட்டால் சீக்கிரம் காயும் என்பது உண்மைதான். ஆனால் பாலியுரேத்தேன் ஃபோம் வெயிலில் மஞ்சளாகி, நாளடைவில் பொடிப்பொடியாக உதிரும். வெப்பக் காற்றுத் துப்பாக்கி வேண்டவே வேண்டாம். மேற்பரப்பு காய்ந்தாலும் நடுப்பகுதி ஈரமாகவே இருக்கும் என்பதால், நான்கையும் சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் ஒரே ஃபோம் என்றால் நான்கின் எடையும் ஒத்துப்போக வேண்டும்.

துளையிடுதல்

பலரும் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

துளை டயரின் தரைப்பக்கத்தில், சரியாக நடுக்கோட்டில், டயரின் மேடான இரண்டு ரப்பர் கட்டைகளுக்கு இடையிலுள்ள பள்ளத்தில் விழ வேண்டும். பக்கச்சுவரில் துளையிட்டால், பாறையில் உரசி மடங்கும்போது அங்கிருந்தே கிழியும். 3 முதல் 4 மி.மீ. விட்டம் போதும். ஒரு டயருக்கு எதிரெதிராக இரண்டு துளைகள் போட்டுத் தொடங்குங்கள். அகலமான டயராக இருந்தால் கால் வட்டத்துக்கு ஒன்றாக நான்கு போடலாம். வேகமாக ஓடும் ஆர்.சி. கார்களில் சுழற்சியின் விசையே தண்ணீரை வெளியே வீசிவிடும். கிராலர் ஊர்ந்து செல்லும் வண்டி. இங்கே துளை கீழே வரும்போது தண்ணீர் தானாக வடிய வேண்டும், டயர் அமுங்கும்போது பிதுங்க வேண்டும். ஆகவே துளை நடுக்கோட்டிலிருந்து விலகினால், அந்த விலகலின் அளவுக்குத் தண்ணீர் உள்ளேயே தங்கும்.

பெல்ட்டில் ஓட்டை போடும் சுழல் பஞ்ச் பிளையரின் வாய் குட்டையானது. பக்கச்சுவரைத் தாண்டி டயரின் நடுவரை எட்டுவது சிரமம். தோல் வேலைக்கு விற்கும், சுத்தியால் தட்டும் குழாய் வடிவப் பஞ்ச்தான் சரி. டயருக்குள் ஒரு மரக்கட்டையை நுழைத்து, மேலே சோப்புத் தண்ணீர் தடவி, பஞ்சை நேராக நிறுத்தி ஒரே அடியில் வெட்டுங்கள். கத்தியால் கீறினால் கீறலின் இரு முனைகளும் ஓடிக்கொண்டே போகும். வட்டத் துளைக்கு அந்த முனைகள் இல்லை. ஆணியைக் காய்ச்சிக் குத்தும் முறையையும் நான் ஏற்பதில்லை. வெந்த ரப்பரின் விளிம்பு இறுகி, பின்னர் வெடிக்கும், புகையும் நல்லதல்ல.

டயரில் துளை போட்ட பிறகே ரிம்மின் துளையை அடைக்க வேண்டும். இந்த வரிசை மாறினால், காற்று போக வழியில்லாமல் டயர் பந்து போலத் துள்ளும். பாறையில் பிடிப்பே இருக்காது. அடைப்பதற்குக் கறுப்பு இன்சுலேஷன் டேப் போதாது, ஈரம் பட்டால் அதன் பசை நெகிழும். ரிம்மின் உட்புறத்தை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, துளைமேல் சிறிதளவு சிலிக்கான் சீலண்ட் வைத்து, 24 மணி நேரம் விட்டுவிடுங்கள். பின்னாளில் வேண்டாம் என்றால் உரித்தெடுத்துவிடலாம்.

எந்த ஃபோம்

வண்டியோடு வருவது பெரும்பாலும் திறந்த செல் ஃபோம், அதாவது உள்ளிருக்கும் நுண்ணறைகள் ஒன்றோடொன்று திறந்திருக்கும் வகை. மென்மையாக அமுங்கும், தண்ணீரையும் குடிக்கும். நுண்ணறைகள் தனித்தனியாக மூடியிருக்கும் மூடிய செல் ஃபோம் தண்ணீரை உறிஞ்சாது. ஆனால் விறைப்பாக இருப்பதால், எடை குறைந்த வண்டியில் டயர் பாறையின் வடிவத்துக்கு வளைந்து கொடுக்காது. உள்வட்டம் மூடிய செல்லாகவும் வெளிவட்டம் திறந்த செல்லாகவும் உள்ள இரட்டை அடுக்கு ஃபோமே என் தேர்வு. தண்ணீர் பிடிக்கும் பகுதி குறைகிறது, பிடிப்பும் கெடுவதில்லை. அதற்குச் செலவழிக்க மனமில்லை என்றால், கட்டட விரிவு இணைப்புகளில் நுழைக்கும் பாலித்தீன் பேக்கர் ராடு ஒரு துண்டு வாங்கி, ரிம்மைச் சுற்றி ஒரு வளையமாக வைத்து, அதன்மேல் பழைய ஃபோமின் உட்புறத்தை அந்த அளவுக்கு வெட்டிப் பொருத்தலாம். வாங்கும்போது மூடிய செல் வகைதானா என்று கேட்டு வாங்குங்கள்.

திரும்ப மாட்டும்போது டயரின் விளிம்பு ரிம்மின் பள்ளத்தில் முழுச் சுற்றும் உட்கார்ந்ததா, ஃபோம் எங்கும் வளையத்தின் கீழ் மாட்டவில்லையா என்று பார்த்துவிட்டு ஸ்க்ரூக்களை இறுக்குங்கள்.

பின்சேர்க்கை

“ஒட்டின டயருக்கு என்னங்கண்ணா பண்றது?” என்று ஓசூரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருந்தார். பிரிக்காமலே துளை போடலாம். உள்ளே மரக்கட்டை வைக்க முடியாது என்பதால், பஞ்சைத் தட்டாமல் கையால் அழுத்தித் திருகித் திருகி வெட்ட வேண்டும். ரிம்மின் துளையை வெளிப்புறமிருந்து சிலிக்கானால் அடைத்துவிட்டு, டயரின் துளை கீழே வரும்படி பிடித்து அமுக்கி வடியவிடுங்கள். முழுதாகக் காய்வதற்குச் சில நாட்கள் ஆகும். பிரித்தே ஆக வேண்டும் என்றால் அசிட்டோனில் ஊறவைத்தால் சூப்பர் குளூ கரையும். நைலான் ரிம் அதைத் தாங்கும். ஏபிஎஸ் ரிம் கரைந்துவிடும், குரோம் பூச்சுள்ளவை பெரும்பாலும் இந்த வகைதான். எந்த வகை என்று தெரியாதபோது, ரிம்மின் உட்புறத்தில் ஒரு சொட்டு வைத்துச் சோதியுங்கள். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் திறந்த வெளியில், அடுப்பிலிருந்து விலகி இந்த வேலையைச் செய்ய வேண்டும்.

துளை வழியாக மணல் புகாதா என்று இன்னொருவர் கேட்டார். புகும். நைஸ் மணல் உள்ள இடத்தில் ஓட்டிய நாளில், துளை வழியாகத் தண்ணீரைச் செலுத்தி அலசி, மறுபடி வடியவிட்டால் போதும். அதே கையோடு சக்கரத்தின் பேரிங்குகளையும் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டுவிடுங்கள். ஃபோமைவிட அவைதான் முதலில் துருப்பிடிக்கின்றன.