அம்புக்குறியை அழுத்தினால் நிரல் மூடிக்கொண்டது

பைத்தானில், எழுத்துத் திரையையும் விசைகளையும் கையாளும் கர்சஸ் (curses) நூலகத்தை வைத்து, டெர்மினல் என்ற கட்டளைச் சாளரத்தில் ஓடும் சின்ன கோப்புப் பட்டியல் ஒன்றை எழுதியிருந்தேன். எஸ்கேப் அழுத்தினால் வெளியேற வேண்டும். ஆனால் மேல் அம்புக்குறியை அழுத்தினாலும் வெளியேறியது!

வரும் எண்களைத் திரையில் அச்சிட்டுப் பார்த்தேன். ஒரே அழுத்தலுக்கு 27, 91, 65 என்று மூன்று எண்கள். அம்புக்குறிக்குத் தனி எழுத்து கிடையாது. டெர்மினல் அதை ஒரு எழுத்துத் தொடராக அனுப்புகிறது. அதன் முதல் எண்ணான 27தான் எஸ்கேப். என் நிரல் அதைப் பார்த்ததுமே கிளம்பிவிட்டது.

இந்தத் தொடரை ஒரே விசையாக மாற்றித் தருவது கர்சஸின் கீபேட் (keypad) அமைப்பு. கர்சஸைத் தொடங்கிவைக்கும் ராப்பர் (wrapper) செயற்கூறு அதை முதன்மைத் திரைக்கு மட்டுமே இயக்குகிறது. நாமாக உருவாக்கும் ஒவ்வொரு சாளரத்துக்கும் தனியாக இயக்க வேண்டும். ஒரு வரிதான், சரியாகிவிட்டது.

அப்புறம் வந்தது அடுத்த தொல்லை. எஸ்கேப் அழுத்தினால் ஒரு நொடி கழித்துத்தான் வெளியேறியது. அது தனி எஸ்கேப்பா, தொடரின் தொடக்கமா என்று தெரியாமல் கர்சஸுக்கு அடியில் இயங்கும் என்கர்சஸ் (ncurses) நூலகம் 1000 மில்லிநொடி காத்திருக்கிறது. இந்தக் காலத்துக்கு இது ரொம்ப அதிகம். இந்தக் காத்திருப்பு நேரத்தைக் குறிக்கும் எஸ்கேப்டிலே (ESCDELAY) என்ற சூழல் மாறியை, கர்சஸ் தொடங்கும் முன்பே 25 ஆக்கினேன். பைத்தான் 3.9 முதல் இதற்கென்றே ஒரு செயற்கூறும் உண்டு.

ஒரே டெர்மினலில் பல அமர்வுகளை நடத்த உதவும் டிமக்ஸுக்குள் (tmux) மட்டும் இன்னும் தாமதம் இருந்தது. எஸ்கேப்புக்குப் பின் அது காத்திருக்கும் நேரமான எஸ்கேப்-டைம், பழைய பதிப்புகளில் 500 மில்லிநொடி. அதை 10 ஆக்கினேன். தொலைவிலுள்ள கணினிக்கான மெதுவான எஸ்எஸ்எச் (SSH) இணைப்பில் இவ்வளவு குறைத்தால் தொடர் உடைந்து, அம்புக்குறி மறுபடி எஸ்கேப் ஆகிவிடலாம். அங்கே 100 வைத்திருக்கிறேன்.