குழுச் சேட்டுக்கு ஃபிளாக் அறிவிப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபீச்சர் ஃபிளாக் என்பது, நிரலைத் திரும்ப ஏற்றாமலே ஒரு வசதியை யாருக்குத் திறப்பது, யாருக்கு மூடுவது என்று சொல்லும் சுவிட்ச். அது மாறினால் குழுவின் சேட்டுக்குத் தானாக ஒரு செய்தி போக வேண்டும். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் முதலில் கொடுக்கப்படும் வேலைகளில் இதுவும் ஒன்று. வெப்ஹுக் ஒன்று (மாற்றம் நடந்ததும் ஃபிளாக் சேவை தானாக அனுப்பும் தகவல்), அதை வாங்கும் சின்ன நிரல் ஒன்று, ஸ்லாக்குக்கோ டீம்ஸுக்கோ அனுப்பும் பத்து வரி. ஒரு மத்தியானத்தில் முடிந்துவிடும், அல்லது முடிந்த மாதிரித் தெரியும்.

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் இருந்துகொண்டு இப்படியான பிள்ளைகளுக்குச் சில வருடங்களாகச் சொல்லிக்கொடுக்கிறேன். பண்டாரவளை, தலவாக்கலை, பதுளை என்று வீட்டிலிருந்தே கொழும்பு நிறுவனங்களுக்கு வேலை செய்பவர்களும் அவர்களில் உண்டு. ஆள் மாறினாலும் தவறு மாறுவதில்லை. எங்கள் காலத்துத் தலைவலிகளையே திரும்பப் புதிதாகச் செய்கிறார்கள். வெப்ஹுக் முகவரியை கிட்ஹப்பில் போடாதே, சோதித்துப் பார்க்காமல் ஏற்றாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அதை விட்டுவிடுகிறேன்.

ஆன், ஆஃப் இரண்டை மட்டும் கேட்பது

இதை நினைத்தால் எனக்கு இன்னும் எரிச்சல் வரும்.

பிள்ளைகள் எழுதும் நிரலில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்: வந்த நிகழ்வு ஃபிளாக்கை ஆன் செய்ததா, ஆஃப் செய்ததா என்று பார், வேறு எதுவானாலும் தள்ளிவிடு. சத்தம் குறையட்டும் என்ற நல்லெண்ணம்தான். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும் மென்பொருளில் ஃபிளாக்கை ஆன் செய்வதும் ஆஃப் செய்வதும் எப்போதாவது நடப்பது. ஒரு தடவை ஆன் செய்துவிட்டு, அது யார் யாருக்கு என்பதைத்தான் பிறகு மாற்றிக்கொண்டே இருப்பார்கள்.

ஒரு தேயிலைத் தோட்டக் கம்பனிக்குக் கொழுந்து நிறுக்கும் மென்பொருள் செய்து கொடுத்தோம். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தில் மின் தராசு, கணக்கப்பிள்ளையின் கையில் டேப்லட். மழை நாளில் கொழுந்தோடு தண்ணீரும் சேர்ந்து நிறை ஏறும் என்று, நிறுத்த கிலோவிலிருந்து கொஞ்சம் கழிப்பது தோட்டங்களில் பழைய வழக்கம். அதை வைத்து நடக்கும் சண்டையும் அதே அளவு பழையது. அந்த ஈரக் கழிவைத் தானாகக் கணக்கிடும் பகுதியை ஒரு ஃபிளாக்குக்குப் பின்னால் வைத்திருந்தோம். தோட்டத்தின் பிரிவுகளான டிவிசன்கள் இரண்டில் மட்டும் பரீட்சித்துப் பார்ப்பது என்று பேச்சு. அந்த இரண்டையும் ‘சோதனை டிவிசன்கள்’ என்ற ஒரு செக்மென்டில், அதாவது யார் யாருக்கு என்று குறிக்கும் பட்டியலில், போட்டு, ஃபிளாக்கை அந்தச் செக்மென்டுக்கு மட்டும் திறந்துவிட்டோம்.

ஒருநாள் கம்பனி அலுவலகத்தில் ஒருவர், பட்டியலை ஒழுங்கு செய்கிறேன் என்று எல்லா டிவிசன்களையும் அந்தச் செக்மென்டுக்குள் சேர்த்துவிட்டார். ஃபிளாக்கை அவர் தொடவே இல்லை. அது ஏற்கனவே ஆனில் இருந்தது. செக்மென்ட் வேறு பொருள், அதன் மாற்றம் வேறு நிகழ்வாகத்தான் பதிவாகும். எங்கள் நிரல் ஃபிளாக் நிகழ்வை மட்டும் கேட்டுக்கொண்டிருந்ததால் சேட்டுக்கு ஒரு வரியும் வரவில்லை.

மத்தியான நிறுவையில் மடுவத்தில் சத்தம் கிளம்பியது. “காலையில நெறஞ்ச அதே சாக்குதானே, இப்ப எப்பிடிக் கொறையும்?” என்று பெண்கள் கேட்க, கணக்கப்பிள்ளை தராசில்தான் பிழை என்று நினைத்தார். படிக்கல் கொண்டுவந்து வைத்துப் பார்த்தார்கள். தராசு சரி. எங்கள் பக்கம் அன்று பொறுப்பில் இருந்த தம்பி சேட்டைத் திறந்து பார்த்துவிட்டு, “ஃபிளாக் ஒண்ணும் மாறல அண்ணே, சானல் சும்மாதான் இருக்கு” என்றார். அதற்குப் பிறகு எல்லாரும் தேடாத இடம் இல்லை. டேப்லட்டின் புதிய பதிப்பு, தராசுக்கும் டேப்லட்டுக்கும் நடுவில் இருக்கும் புளூடூத், கிலோவை முழு எண்ணாக்கும் வரி. அந்தி நிறுவை முடிந்த பிறகுதான் ஒருவர் செக்மென்ட் பக்கத்தைத் திறந்தார். அதற்குள் நாளுக்கான நிறை எட்டாதவர்களுக்குப் புத்தகத்தில் அரைப்பேர், அதாவது அரைநாள் கணக்கு, விழுந்துவிட்டது.

மறுநாள் பதிவைத் திருத்தினோம். அது சுலபமான பாகம். அரைப்பேர் விழுந்த ஒரு பெண்ணின் முன்னால் நின்று, கழித்தது கணக்கப்பிள்ளை இல்லை, கம்ப்யூட்டர் என்று சொல்லிப் பாருங்கள்.

அறிவிப்பே இல்லாதிருந்தால் அந்தத் தம்பி முதலில் போய்ப் பார்த்திருக்கக்கூடிய இடம் ஃபிளாக் பக்கம்தான். அரைகுறையாக ஒன்று இருந்ததால் போய்ப் பார்க்கவில்லை. சானல் சும்மா இருந்ததை அவர் சாட்சியாக எடுத்துக்கொண்டார்.

சரி, என்ன செய்வது? ஃபிளாக்கின் விடையை எதெல்லாம் மாற்றும் என்று முதலில் ஒரு தாளில் எழுதுங்கள். ஆன், ஆஃப். இலக்கு விதிகள். இத்தனை சதவீதத்துக்குத் திற என்ற எண். எந்த விதியும் பொருந்தாவிட்டால் கொடுக்கும் இயல்பு விடை. செக்மென்ட். இந்த ஃபிளாக் சார்ந்திருக்கும் மற்ற ஃபிளாக்; அதை அணைத்தால் இதுவும் அணைந்ததுபோல்தான். நேரம் குறித்து வைத்த மாற்றம். ஃபிளாக் சேவைகளான லோன்ச்டார்க்லி, அன்லீஷ் இரண்டிலும் செக்மென்ட் மாற்றம் தனி நிகழ்வு. லோன்ச்டார்க்லியின் வெப்ஹுக்குக்கு ‘இவற்றை மட்டும் அனுப்பு’ என்று ஒரு கட்டுப்பாடு எழுதலாம். பிள்ளைகள் எங்கிருந்தோ நகலெடுத்துப் போடும் கட்டுப்பாட்டில் ஃபிளாக் மட்டும்தான் இருக்கும். எதை வடிகட்டுவதானாலும் எல்லாவற்றையும் வாங்கிய பிறகு உங்கள் நிரலில் வடிகட்டுங்கள். தள்ளிவிட்டதையும் ஒரு பதிவில் எழுதி வையுங்கள்.

செக்மென்ட் மாறினால், அதைப் பயன்படுத்தும் ஃபிளாக்குகளின் பெயர்கள் செய்தியிலேயே வர வேண்டும். ‘செக்மென்ட் புதுப்பிக்கப்பட்டது’ என்ற வரியைப் பார்த்து யாரும் கதிரையை விட்டு எழும்ப மாட்டார்கள். இப்படி வந்தால் எழும்புவார்கள்:

புரொடக்ஷன் | ‘சோதனை டிவிசன்கள்’ செக்மென்ட்: 2 → 31 | பாதிக்கப்படும் ஃபிளாக்: ஈரக் கழிவு | காரணம்: எழுதப்படவில்லை

எல்லாச் சூழலையும் ஒரே சானலில் கொட்டுவது

எழுதிப் பார்க்கும் டெவலப்மென்ட், ஒத்திகை பார்க்கும் ஸ்டேஜிங், வாடிக்கையாளர் பயன்படுத்தும் புரொடக்ஷன் மூன்றும் ஒரே சானலில் விழுந்தால் கொஞ்ச நாளில் எல்லாரும் அந்தச் சானலை மியூட் செய்துவிடுவார்கள். புரொடக்ஷனுக்குத் தனிச் சானல் வையுங்கள், மற்றதெல்லாம் இன்னொன்றில் போகட்டும்.

வந்த செய்தியை யாரும் படிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. 2012 ஆகஸ்ட் 1 அன்று நைட் கேபிட்டல் என்ற பங்கு வர்த்தக நிறுவனம் புதிய நிரலை ஓடவிட்டது. 8 சேர்வர்களில் ஒன்றில் மட்டும் அது ஏறியிருக்கவில்லை. புதிய வேலைக்கு அவர்கள் எடுத்துக்கொண்டது முன்பு வேறு வேலைக்கு வைத்திருந்த ஒரு ஃபிளாக். ஆகவே அந்த ஒரு சேர்வரில் வருடக்கணக்காகக் கிடப்பில் இருந்த ‘பவர் பெக்’ என்ற பழைய நிரல் எழும்பி ஓட ஆரம்பித்தது. சுமார் 45 நிமிடத்தில் ஓடிய கணக்கு, கடைசியில் 46 கோடி டொலருக்கும் மேல் நட்டமாக முடிந்தது. பலர் கவனிக்காமல் விடுவது இதை: சந்தை திறப்பதற்கு முன்பே, ‘பவர் பெக்’ பெயரைச் சொல்லி 97 தானியங்கி மின்னஞ்சல்கள் ஊழியர்களுக்குப் போயிருந்தன. அவை எச்சரிக்கை என்று நினைத்து அமைக்கப்பட்டவை இல்லை, யாரும் வழக்கமாகப் பார்ப்பதும் இல்லை. அமெரிக்கப் பங்குச்சந்தை ஆணையம் 2013இல் வெளியிட்ட உத்தரவிலேயே இது இருக்கிறது. பழைய ஃபிளாக்கைப் புது வேலைக்கு எடுக்கக் கூடாது என்ற பாடத்தை எல்லாரும் அங்கிருந்து எடுத்துக்கொண்டார்கள். இந்த மின்னஞ்சல்களை மறந்துவிட்டார்கள்.

எல்லாரையும் கூப்பிடும் ‘@சேனல்’

வேண்டாம்.

மாற்றியவர் பெயரில் ‘பொட்’ என்று வருவது

மாற்றம் ஒரு ஸ்கிரிப்ட் வழியாகவோ நிரலைத் தானாக ஏற்றும் பைப்லைன் வழியாகவோ நடந்தால், அதற்குக் கொடுத்த நுழைவுச் சாவியான டோக்கனின் பெயர்தான் மாற்றியவர் பெயராக வரும். இரவு பதினொரு மணிக்கு அந்தப் பொட்டைத் தொலைபேசியில் கூப்பிட முடியாது. பைப்லைனை ஓட்டிய மனிதரின் பெயரை, மாற்றத்தோடு போகும் குறிப்பில் சேர்த்து அனுப்புங்கள். ஆளுக்கொரு டோக்கன் என்றால் இன்னும் நல்லது.

வந்த வரிசையை நடந்த வரிசை என்று நம்புவது

ஃபிளாக்கை ஆன் செய்து, பயந்துபோய் உடனே ஆஃப் செய்கிறீர்கள். சேட்டில் ஆஃப் முதலிலும் ஆன் பிறகும் விழலாம். அப்போது பார்க்கிறவருக்கு ஃபிளாக் ஆனில் இருக்கிறது. நிகழ்வுகள் வரிசை மாறி வரலாம் என்று லோன்ச்டார்க்லியே சொல்கிறது. உள்ளே இருக்கும் நேரத்தைப் பார்த்துத்தான் வரிசைப்படுத்த வேண்டும். உங்கள் சேர்வர் சரியான பதில் தராவிட்டால் அது இன்னும் ஒரு தடவை அனுப்பிப் பார்க்கும், அவ்வளவுதான். வந்து சேரும் என்ற உத்தரவாதம் கிடையாது. அதனால் வெப்ஹுக்கை ‘ஏதோ நடந்தது’ என்ற தட்டலாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தட்டல் வந்ததும் ஃபிளாக் சேவையின் ஏபிஐயில் (நிரல்கள் தகவல் கேட்டு வாங்கும் வாசலில்) போய் ஃபிளாக்கின் இப்போதைய நிலையை வாங்கி, அதைச் செய்தியில் போடுங்கள்.

ஸ்லாக் ஒரு சானலுக்கு வினாடிக்கு ஒரு செய்தி என்ற அளவில்தான் ஏற்கும். பழைய ஃபிளாக்குகளை மொத்தமாகக் களையெடுக்கும் நாளில் 429, அதாவது ‘அளவு மிஞ்சிவிட்டது’, என்று திருப்பி அனுப்பும். எத்தனை வினாடி பொறுக்க வேண்டும் என்பது அந்தப் பதிலிலேயே இருக்கும். படித்துப் பொறுங்கள், அல்லது சேர்த்து ஒரே செய்தியாக அனுப்புங்கள்.

தமிழ்க் குறிப்பைப் பைட் கணக்கில் வெட்டுவது

எங்கள் குழுக்களில் மாற்றத்துக்கான காரணத்தைத் தமிழில் எழுதுவோம். நீளமான குறிப்பை இத்தனை பைட்டோடு நிறுத்து என்று வெட்டினால் கடைசியில் கறுப்புச் சதுரமும் கேள்விக்குறியும் வரும். ‘கொழுந்து’ என்பது கண்ணுக்கு 4 எழுத்து, யூனிகோடில் 8 குறியீடு, யூடிஎஃப்-8இல் 24 பைட். குறியீட்டுக் கணக்கில் வெட்டினாலும் புள்ளி போய் ‘க்’ என்பது ‘க’ ஆகலாம். எழுத்தாக எண்ணும் நூலகங்கள் இருக்கின்றன, அவற்றை எடுங்கள். இன்னொன்று, விதியில் ‘நிறை < 20’ என்று இருந்தால் ஸ்லாக்குக்கு அனுப்பும் முன் அந்தக் குறியை மாற்றி எழுத வேண்டும். அங்கே <, >, & மூன்றுக்கும் தனி வேலை உண்டு.

நேரத்தை யூடிசியில் விடுவது

உலகப் பொது நேரமான யூடிசியை விட நாங்கள் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். வாடிக்கையாளர் லண்டனில் இருந்தால் வருடத்தில் இரண்டு தடவை வித்தியாசமும் மாறும். ஸ்லாக்கில் நேரத்தை யுனிக்ஸ் எண்ணாக அனுப்பினால் படிப்பவரின் ஊர் நேரத்தில் காட்டும் வசதி இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

செய்திக்குள்ளேயே ‘திருப்பி மாற்று’ பொத்தான்

முதல் வருடத்தில் கேட்காதீர்கள்.

கம்பி அறுந்தது தெரியாமல் இருப்பது

வெப்ஹுக்கை வாங்கும் நிரலைத் தன் மடிக்கணினியில் ஓடவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் ஹட்டன், நோர்வூட், மஸ்கெலியாப் பக்கம் மரம் விழுந்து கரண்ட் போவது வழக்கம்தானே. கரண்ட் இருந்தாலும் மூடுபனியோடு மழை இறங்கும் நாளில் சிக்னல் ஒரு கோடாகிவிடும். நீங்கள் மலையில் இருக்கலாம், நிரல் கிளவுடில் இருக்கட்டும்.

கிளவுடில் இருந்தாலும் அறும். வெளியிலிருந்து டீம்ஸுக்குச் செய்தி வாங்கும் ஆபீஸ் 365 கனெக்டர்களை நிறுத்தப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2024 ஜூலையில் அறிவித்தபோது, டீம்ஸுக்குப் பழைய முகவரியில் அனுப்பிக்கொண்டிருந்த எல்லாரும் வேர்க்ஃப்ளோஸ் பக்கம் மாற வேண்டி வந்தது. அறிவிப்பைப் படித்தவர்கள் மாறினார்கள். ஸ்லாக்கில் சானலை ஆர்க்கைவ் செய்தாலும், டோக்கனை ரத்து செய்தாலும் இதே கதைதான்: பிழை உங்கள் நிரலின் பதிவில் விழும், சேட்டில் எதுவும் தெரியாது.

இதற்கென்று ஒரு பொய்ஃபிளாக் வையுங்கள். தினமும் காலை எட்டு மணிக்கு ஒரு கிரொன் (நேரம் குறித்துத் தானாக ஓடும் வேலை) அதை மாற்றட்டும். மாற்றம் ஃபிளாக் சேவையிலிருந்து கிளம்பி, வெப்ஹுக்கில் வந்து, உங்கள் நிரலைத் தாண்டி, சானலில் விழ வேண்டும். ஐந்து நிமிடத்தில் விழாவிட்டால் வேறு வழியில், அதாவது குறுஞ்செய்தியாக, ஒருவருக்குத் தகவல் போகட்டும். அந்த ஒருவர் யார் என்பதை மாதம் ஒருமுறை சரிபாருங்கள். வேலையை விட்டுப் போனவரின் நம்பருக்கு மாதக்கணக்காகக் குறுஞ்செய்தி போய்க்கொண்டிருந்த குழு ஒன்றை எனக்குத் தெரியும்.